ஒன்பதாவது வளைவு

கிராண்ட் பிரி பந்தயங்களில் இப்போதெல்லாம் இறந்துபோன வீரர்களின் கணினி நகல்கள்தான் கார் ஓட்டின. டெரன்ஸின் நகல் பிலோமினாவின் சொல்லை மட்டுமே கேட்கும். அவன் உயிரோடிருந்தபோதும் ரேடியோவில் வழிகாட்டியவள் அவன் மனைவிதான்.

அவன் செத்த ஒன்பதாவது வளைவு நெருங்கியது.

"பிலோ, தூறுதே. அமுக்கட்டா?"

"வேணாங்க, மெதுவாப் போங்க."

கார் பின்தங்கியது. அணி மேலாளர் எரிந்து விழுந்தார். "செத்தவரு இன்னொரு தடவையா சாவப்போறாரு? உங்களால தோத்துக்கிட்டே இருக்கோம்மா!"

அவள் ஹெட்போனைப் பிடுங்கி, அவளை வெளியே அனுப்பினார். அடுத்த சுற்றிலும் டெரன்ஸ் அதையேதான் கேட்டான். மேலாளர் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார்.

ஸ்பீக்கரில் பிலோமினாவின் குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னது: "ஒண்ணுமில்லைங்க. நல்லா அமுக்குங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிலோமினா "வேணாங்க, வேணாங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.