அவன் பங்கு மாத்திரை

லாரி ஓட்டும் கணவன் செங்கோடனுக்காகப் பூவாயி செய்யாததில்லை. அவன் வண்டி மலைப்பாதை இறங்கும் நாளெல்லாம் பட்டினி கிடப்பாள். அவன் வேண்டிக்கொண்ட அங்கப்பிரதட்சணத்தைக்கூட இவள்தான் ஈரப்புடவையோடு உருண்டு முடித்தாள். அதனால்தான், அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலும் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சாப்பிடோணும்” என்று நர்ஸ் கொடுத்த இரண்டு பொட்டலங்களையும் அவளே விழுங்கிவிட்டாள்.

வலி விட்டபாடில்லை. மறுபடி போனாள்.

“உங்கூட்டுக்காரரு சாப்பிட்டாரா?”

“அவருக்குஞ் சேத்தி நானே முழுங்கிப்போட்டனுங்க.”

நர்ஸ் தலையில் கைவைத்தாள். பிறகு புதுப் பொட்டலங்களை எடுத்து வந்து, ஒன்றை அங்கேயே அவளை விழுங்கவைத்து, மற்றதை நீட்டி, “இது வேண்டுதல் இல்லீங்கக்கா. அவருகிட்ட இருந்துதான் உங்களுக்கு ஒட்டியிருக்குது. அவரு முழுங்குலீன்னா உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்” என்றாள்.

வீட்டில் செங்கோடன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் சோற்றுக்குப் பதில் பொட்டலம் விழுந்தது.

“எனக்கென்ன கேடு?” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“உங்களுக்கில்லீங்க. எனக்கோசரம்.”

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுத் தட்டை நகர்த்தினான்.

“இப்ப சோறு கெடையாதுங்க. வெறும் வயித்தோட ஒரு மணி நேரம் இருக்கோணுமாம்.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரோரம் சாய்ந்தான். பூவாயி அவன் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, சுடுசோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். அவசரமே படாமல் சாப்பிட்டாள். அப்புறம் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.