மேசைக்கு வந்த வலை

சாக்கை அவிழ்த்து வலையை மேசையில் விரித்துக்கொண்டிருந்த அமிர்தநாதரின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

ரொறன்ரோ நகர நடுவில் பதினெட்டாம் மாடி. இந்தப் பக்கம் மீன் கம்பனி முதலாளி. அந்தப் பக்கம் பூர்வகுடிகளின் தலைவி, நாற்பது வயதிருக்கும். நடுவில் அரசாங்க அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

அவர் கையெழுத்துப் போட்டால், ஹியூரன் ஏரியின் ஒரு குடாவில் வலை போடும் உரிமை அவளுடைய சனத்துக்குத் திரும்பும். மூன்று வருடமாகப் பேசிக் கொண்டுவந்த காரியம். கடைசி நாளில்தான் முதலாளி சாக்கோடு வந்திருந்தார்.

சிறுகண் வலை. குஞ்சு மீனையும் விடாது. முட்டையிடும் காலத்தில் குடாவுக்குள் கிடந்ததாம். கம்பனிப் படகுதான் தூக்கியதாம். இந்த ஆட்களை நம்பியா குடாவைக் கொடுக்கிறீர்கள் என்று முதலாளி கேட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார்.

சிக்கெடுத்து விரிக்க வேறு ஆளில்லை என்றுதான் கம்பனி வேலையாள் அமிர்தநாதரைக் கூட்டிவந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அவருக்கு 'யெஸ்', 'நோ' இரண்டும் தெரியும். மிச்சத்துக்குக் கம்பனிக் கிளார்க் அருள்நாயகம் பக்கத்தில் நின்றான். அவன் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டான்.

"அண்ணை, என்னத்தைக் கண்டாலும் வாயைத் திறக்காதேங்கோ. அன்ரனெற் அக்காவின்ரை கடிதம் இன்னும் முதலாளியின்ரை கையிலைதான் கிடக்கு."

கொழும்பு லொட்ஜ் ஒன்றில் மூன்று வருடமாகக் காத்திருக்கும் மனைவி அன்ரனெற்றைக் கூப்பிட, இவருக்கு நிரந்தர வேலை உண்டென்று முதலாளி எழுதித் தரவேண்டும். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்த மனிதர் அமிர்தநாதர். பயமாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

தலைவி எழுந்துவந்து வலையைத் தடவினாள். கிழிசலைப் பின்னிப் பொத்தியிருந்த இடங்களில் அவளுடைய விரலும் நின்றது. ஒவ்வொன்றின் முடிவிலும் தேவையில்லாத ஒரு முடிச்சு இருந்தது. எங்கள் ஆட்கள் இப்படி முடிச்சுப் போடுவதில்லை என்றாள்.

முதலாளி சிரித்தார். அப்படியானால் வேறு யார் போட்டது என்று கேட்டார்.

அதிகாரி கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். வலையின் மேல் அவளுடைய கை மட்டும் கிடந்தது. குளிரில் வெடித்து, நூல் அறுத்த தழும்போடு கிடந்தது. தன்னுடைய கையும் அப்படித்தான் இருக்கும் என்று அமிர்தநாதருக்குப் பட்டது.

சாக்குக் கட்டிய நூல் இன்னும் அவரிடம் இருந்தது. வலையில் பொத்தாமல் விட்ட கிழிசல் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"அண்ணை, வேண்டாம்."

நாலு கண் பின்னினார். இழுத்து இறுக்கினார். கடைசியாக, தொலைந்தது உரிய ஆளிடம் திரும்பட்டும் என்று யாழ்ப்பாணத்துப் பாசையூரில் அவருடைய வீட்டார் மட்டும் அந்தோனியாரை நினைத்துப் போடும் அந்த ஒற்றை முடிச்சு.

பக்கத்திலிருந்த முடிச்சும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். போன மாரி முழுதும் கம்பனியின் நிலக்கீழ் அறையில் குந்தியிருந்து அவர் பொத்திக் கொடுத்த வலை அது.

அதிகாரி புது முடிச்சையும் பழைய முடிச்சுகளையும் பார்த்துவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

அமிர்தநாதர் குனிந்து, நூலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.