எட்டாம் நம்பர்தான் வேணும்

“எல்ல ஊர் டீம்ட அந்த எட்டாம் நம்பர் பொடியன எப்பிடியாவது கொண்டு வாங்க மாஸ்டர். இல்லாட்டி அடுத்த வருஷம் எங்கட டீமே இல்ல.”

லத்தீப் ஹாஜியார் சேலைக் கட்டு ஒன்றைப் பொத்தென்று மேசைமேல் போட்டார். பதுளை பஸாரில் அவருடைய புடவைக்கடை பெரியது. சம்பளம் கொடுத்து அவர் நடத்தும் ஹொக்கி அணிமேல் அவர் வைத்திருக்கும் ஆசை அதைவிடப் பெரியது. அணி என்னவோ இரண்டு வருடமாக லீக்கின் கடைசி இடத்தில் சௌகரியமாகப் படுத்துக் கிடந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தயாபரனுக்கு இரண்டு கவலை. அணியைக் கலைத்தால் தன் வேலை போகும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், லுணுகலையிலும் பூனாகலையிலும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தடியைப் பிடித்துப் பழகிய பொடியன்கள் எல்லாரும் மறுபடி கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கப் போகவேண்டும். அதை நினைத்துத்தான் அவர் பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

சீசன் முடிந்துவிட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் காலம் இது. பின்வரிசையைப் பலப்படுத்த வேண்டும், நடுவில் ஒரு நிதானமான ஆள் வேண்டும் என்று தயாபரன் சொல்லிப் பார்த்தார். ஹாஜியார் காதில் ஏறவில்லை. எட்டாம் நம்பர் எப்படி ஓடுகிறான், எப்படித் திரும்புகிறான், நம் ஆட்களை எப்படி முட்டாளாக்குகிறான் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆட்டம் தொடங்கிய பிறகு மைதானத்துக்கு வந்து, முடியுமுன் கோபித்துக்கொண்டு போய்விடும் மனிதர் அவர். ஆனால் பேச்சில் மட்டும் எந்தப் பந்தும் தப்பாது.

எல்ல அணி அவ்வளவு சுலபத்தில் ஆளை விடாது என்று தயாபரன் இழுத்தார். அதெல்லாம் தனக்குத் தெரியாது, காலில் விழுந்தாவது கூட்டிவர வேண்டும் என்றார் ஹாஜியார். சரி, ஒருவரை எடுத்தால் ஒருவரை விடவேண்டும் என்பது லீக் சட்டமாயிற்றே, யாரை விடுவது என்று கேட்டார் தயாபரன்.

“கீப்பர அனுப்புங்க.”

ஹாஜியார் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கடையில் வேலை செய்பவர்களே அவருக்குக் ‘கண்ணாடிக்காரன்’, ‘மேல்மாடிக்காரன்’தான்.

“முன்னுக்கு நிக்கிற பத்துப் பேரும் விட்ட பந்துதாங்க கீப்பர்கிட்ட வருது. அவன் ஒருத்தன் மேல பழியப் போட்டா எப்பிடிங்க ஹாஜியார்?”

“கோல் போனது அவன்ட வாசலால தானே?”

தயாபரன் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இப்போது வாசலில் நிற்கும் கிருபாகரன் உண்மையில் கீப்பரே இல்லை, நன்றாக ஓடக்கூடிய பையன், முன்வரிசையில் ஆடவேண்டியவன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவனை வாசலில் நிறுத்தியதே ஹாஜியார்தான். உயரமான ஆளைக் கடை வாசலில் நிறுத்தினால் திருடன் உள்ளே வரமாட்டான் என்பது அவருடைய வியாபார அனுபவம். அந்த அனுபவத்தைக் கோல் வாசலிலும் காட்டினார். அணியில் யார் உயரமோ அவன்தான் கீப்பர். அதற்கு மேல் பேச்சில்லை.

“ஒரே ஒரு சீசன் அவன முன்னுக்கு விட்டுப் பாருங்க ஹாஜியார். கெஞ்சிக் கேக்குறேன்.”

“நிக்கிற வேலையே ஒழுங்காச் செய்யாதவன் ஓடிக் கிழிப்பானா? போன வருஷம் கழிச்சோமே ஒரு கீப்பர், அவன் இவன விட மோசம். இவனையும் கழிச்சிட்டு வேற ஒரு உசரமான ஆளப் பாருங்க மாஸ்டர்.”

அதற்குள் கல்யாணப் பட்டு பார்க்க ஒரு குடும்பமே உள்ளே வந்தது. ஹாஜியார் அவர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தை மறந்து மறுபடி எட்டாம் நம்பரின் ஓட்டத்திலிருந்து ஆரம்பித்தார். தயாபரனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் கை இரண்டையும் கூப்பி, கீப்பரை விட்டுவிடுகிறேன், எட்டாம் நம்பரைக் கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இப்போதாவது புத்தி வந்ததே என்று ஹாஜியார் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்ற தயாபரன், எல்ல அணியின் பயிற்சியாளருக்குப் போன் போட்டார். அவர் வேறு யாருமில்லை, தயாபரனுடைய மனைவியின் அண்ணன்தான்.

“மச்சான், நிஷாந்த இனி நீங்க திருப்பி அனுப்பலாம். எட்டாம் நம்பர், எட்டாம் நம்பர்னு எங்க ஹாஜியார் தலையில தூக்கி வச்சு ஆடுறாரு. பதிலுக்குக் கிருபாவ அனுப்புறேன். நிஷாந்துக்குச் செஞ்ச மாதிரியே இவனையும் ஒரு சீசன் முன்னுக்கு ஓட விடுங்க. அடுத்த வருஷம் இவரே கேட்டு வாங்குவாரு.”

மச்சானுக்குச் சந்தேகம் தீரவில்லை. போன வருடம் வரை ஹாஜியாரின் கோல் வாசலில் நின்ற நிஷாந்தை, பக்கத்தில் பார்த்தால் அவர் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று கேட்டார்.

“அவராவது கண்டுபிடிக்கிறதாவது மச்சான்,” என்றார் தயாபரன் சலிப்போடு. “ஹெல்மெட் இல்லாம அவரு எந்தக் கீப்பர் மூஞ்சியையும் பாத்ததில்ல.”