ஜன்னலோர அலமாரி

“ஏன் தம்பி, இந்த ஒரு கதவு மட்டும் எப்படிக் கழலுது?”

தலைமை நர்ஸ் கேட்டதற்கு ஃபிட்டர் நிமிரக்கூட இல்லை. ஜன்னலோரக் கட்டிலை ஒட்டிய அலமாரிக்குக் கதவை மாட்டிக்கொண்டிருந்தான்.

வார்டுக்குப் புதிதாக வந்த அலமாரிகள். துண்டு துண்டாக வந்து இறங்கியதை இவன்தான் கோத்து நிறுத்தினான். மற்றதெல்லாம் ஆணி அடித்தாற்போல் நிற்க, இது மட்டும் வாரம் தவறாமல் பல்லை இளித்தது. கம்பெனிக்குப் போன் போட்டால் இவனே வருவான். ஐந்து நிமிட வேலையை அரைமணி நேரம் உருட்டுவான். எதிரிலேயே மருந்து அறை வேறு. ஆள் நோட்டம் பார்க்கிறானோ என்று நர்ஸுக்குச் சந்தேகம்.

“இன்னொரு தடவை கழண்டா உங்க முதலாளிகிட்டதான் பேசுவேன். அப்புறம் வேலை போச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கட்டிலில் இருந்த பெரியவர் போர்வைக்குள் கண்மூடிக் கிடந்தார். பக்கவாதம். இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

சந்தேகம் வந்தபிறகு தூக்கம் ஏது? நர்ஸ் அந்த அலமாரி மேலேயே கண்ணாக இருந்தாள். இரண்டே நாளில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கையும் களவுமாகப் பிடித்தும் விட்டாள். ஃபிட்டரை அல்ல, பெரியவரை. அந்த இடது கையால் கதவின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெரியவர் மிரண்டுபோனார்.

“அவன் என் பையன்மா. சண்டை போட்டுட்டுப் போனவன், பேச்சே இல்லை. அலமாரி மாட்ட வந்தப்பதான் பாத்தேன். கதவு கழண்டாத்தானே திரும்ப வருவான்? தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு மொகத்தைப் பாத்துக்குவேன்.”

ஒரு பாவமும் அறியாத பிள்ளையைத் திருடனாக நினைத்துவிட்டோமே என்று நர்ஸ் தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று மாலையே ஃபிட்டரை வரவழைத்தாள். வராந்தாவில் நிறுத்தி, பெரியவர் செய்ததைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். வேலைக்கு ஒன்றும் ஆகாது, இனி நேராகவே போய் அப்பாவைப் பாருங்கள் என்றாள்.

அவன் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

“தெரியும் சிஸ்டர். அவர் கையில பலம் இல்லையேன்னு, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவை லூசா விட்டுட்டுப் போறதே நான்தான்.”