பிடி அரிசி

பையைத் தார்ப்பாயில் கவிழ்த்த எஸ்ரா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அரிசியோடு வண்டுகள் விழுந்து நாலு பக்கமும் ஓடின. ஒன்று அவர் மணிக்கட்டில் ஏறி வெள்ளைச் சட்டைக்குள் நுழையப் பார்த்தது. அதை உதறிவிட்டுப் பையில் தைத்திருந்த பெயரைப் பார்த்தார். மார்த்தாள்.

"சே" என்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடத்துக்குப் போகிற வழியில் இருக்கும் அந்த ஊரில், சோறு பொங்கும்போதெல்லாம் உலையில் போடுவதற்கு முன் முதல் கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தால் ஏலம் விட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். இந்த ஆண்டு அறுப்பு நேரத்தில் மழை ஊற்றித் தள்ளியது. உளுந்தும் மக்காச்சோளமும் கரிசலில் நின்றபடியே முளைத்து அழுகிப்போயின. ஏலம் வேண்டாம், பிடி அரிசி முழுக்க அடுப்பெரியாத வீடுகளுக்குப் போகட்டும் என்று சபையில் முடிவு செய்தார்கள்.

எந்த வீடுகள் என்பது பெண்கள் சங்கத்து ஜெனிபா ஒருத்திக்குத்தான் தெரியும். வாங்குகிறவர்கள் தலைகுனியக் கூடாதே என்று, புறவாசல் வழியாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். யாரிடமும் மூச்சு விடமாட்டாள்.

எஸ்ராவுக்குச் சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை, குடியிருப்பும் அங்கேதான். ஞாயிறு மட்டும் தவறாமல் சொந்த ஊர்க் கோயிலுக்கு வந்துவிடுவார். போன வாரம் கடைக்குள் கிடந்த ஒரு மூட்டை அரிசியை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். போதகர் அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். அதோடு, வருகிற அரிசியைச் சரிபார்த்து வாங்கும் வேலையையும் எஸ்ராவே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது குச்சியால் அரிசியைக் கிளறினார். பழுத்து மஞ்சளாகி, புழுக்கூடு பிடித்து, கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தது.

மணி அடிக்கிற செல்வமணி குனிந்து மோந்து பார்த்து, "மக்கின வாடையோட மண்ணெண்ணெய் மாதிரியும் ஒரு வாடை அடிக்கே அண்ணாச்சி" என்றான். எஸ்ராவும் மோந்தார். மக்கின வாடை தெரிந்தது, மற்றது அவர் மூக்குக்குத் தெரியவில்லை. அடுப்படியில் எதையோ கொட்டியிருப்பாள், அதைத் தள்ளிவிட இந்தக் கோயில்தான் கிடைத்ததா என்று பல்லைக் கடித்தார்.

ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து இது வந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். மார்த்தாளுக்கு மாடி வீடு, காடு கரை உண்டு, மகன் கிங்ஸ்லி திருப்பூரில் வேலை பார்க்கிறான். கஞ்சி போட்ட சேலை கசங்காமல்தான் கோயிலுக்கு வருவாள். கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், வீட்டுக் குப்பையும் ஒழிய வேண்டும், இப்படியும் ஒரு பிறவியா என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டத்தில் நின்றவளைக் கூப்பிட்டார்.

"யக்கா, இத நீங்க வீட்டுல பொங்கித் திம்பியளா?"

மார்த்தாள் அரிசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"திங்கேன் தம்பி" என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம் என்று எஸ்ராவுக்குக் காதெல்லாம் சூடேறியது. பிள்ளைகள் வாயில் போடுகிற அரிசி இது என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். தார்ப்பாயைத் தூக்கி அரிசியைச் சாக்கடையில் தட்டினார்.

"இனிமே ஒங்க பை இந்தக் கோயில் படி ஏற வேண்டாம்."

அதைக் கேட்டதும்தான் அவள் முகம் செத்துப்போனது. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு வாரமும் விட்டதில்லை, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கைப்பிடியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று மெல்லக் கெஞ்சினாள். எஸ்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறும் பையை உதறி மடித்து இடுக்கிக்கொண்டு அவள் போனாள். யாரும் அவளோடு பேசவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயில் எஸ்ரா சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவக் கழுவ வண்டு ஊர்கிற மாதிரியே இருந்தது. ஜெனிபா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. தான் தின்னாததை அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது, இதைக்கூடவா ஒரு கிறிஸ்தவப் பொம்பளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளிடமும் பொரிந்தார்.

ஜெனிபா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குழாயை அடைத்தாள்.

"இத வெளிய சொல்லக் கூடாது. ஆனா ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. கிங்ஸ்லிக்கு வேலை போயிட்டு, காடும் அழுகிட்டு. அவிய வீட்டுக்குப் போன வாரம் நாந்தான் இருட்டுல அரிசி அள்ளிக் கொண்டுபோய்க் குடுத்தேன். அதுலதான் கைப்பிடி எடுத்து வச்சிருக்காவ."

எஸ்ரா விட்டுக்கொடுக்க மனசில்லாமல் கேட்டார்.

"நாம குடுக்கது நல்ல அரிசியாச்சே. அதுல எப்படி வண்டு வந்துச்சு?"

"அது ஒங்க மூட்டை, அண்ணாச்சி."