மிளகாய்ப் பொடிப் புகார்

"யாருக்காவது உடம்புக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டார் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, மேஜைமேல் இருந்த மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தைத் தொடாமலே.

"வந்தாத்தான் தப்பா சார்?" என்றாள் அந்தப் பெண். அவருடைய தண்ணீர்த் தம்ளரையே இழுத்து, ஒரு சிட்டிகை பொடியைத் தூவினாள். சிவப்பு கோடு கோடாக இறங்கியது. "பாருங்க, சாயம். மிளகாய் இப்படியா இறங்கும்?"

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு பின்னால் காத்திருந்த பேக்கரிக்காரர் ஒருவர் சிரித்தார். "இந்தக் காலத்துல எதுலதாம்மா கலப்படம் இல்ல? நம்ம வயிறு எல்லாத்துக்கும் பழகிப்போச்சு."

"உங்க பிள்ளைங்க வயிறும் பழகிடுச்சாண்ணே?"

அவர் தன் விண்ணப்பத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அதிகாரிக்குச் சலிப்பாக இருந்தது. இப்படி ஆவேசமாக வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். படிவத்தை நீட்டினால் போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

"பொடி அரைக்கிற ஆலை பெரிய இடம்மா. எடுத்த எடுப்புல அங்க போய் நிக்க முடியாது. வித்த கடையில சாம்பிள் எடுத்து, கேஸ் போட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆலைக்குள்ள போகணும். முதல்ல கடைக்குத்தான் பூட்டு."

"போடுங்க."

"சின்னக் கடையா இருக்கும். பொழப்புல மண்ணு விழுந்துடும். கடைக்காரரும் பாவம், தெரியாம வித்திருப்பாரு."

"என்ன பாவம்? ஊர்ல யாரும் தராத விலைக்கு ஆலைக்காரன் தர்றானே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல? ரெண்டு வருஷமாக் கேக்கலையே!" அவள் மடியிலிருந்த கைப்பைமேல் குனிந்தாள். ஆனால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதே பொடி இன்னும் நாப்பது கடைக்குப் போகுது சார். எழுதுங்க."

இவள் நழுவுகிற ஆள் இல்லை என்று அதிகாரிக்குப் புரிந்தது. பொட்டலத்தைக் கையில் எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. புகார் கொடுத்தது யாருன்னு கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது."

அவள் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தாள். கைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தெரியாம எப்படி சார்? அந்தக் கடையே என்னோடதுதான்."