விரிப்பின் ஓரமாக நடக்கும் சுயுன்பாய்

ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் நாரின் என்னும் மலையூரின் மருத்துவமனையில் நானும் ஜன்னலோரம் இடம் பிடித்திருக்கிறேன். எதிர்வீட்டு சுயுன்பாய்க்கு எழுபத்தெட்டு வயது. இன்றைய நடைச் சோதனையில் தேறினால்தான் நாளை மகன் அவரை மலை மேய்ச்சலுக்கு அழைத்துப்போவான். இல்லையேல் கோடை முழுக்க அடுக்குமாடிச் சிறைதான். கிழவர் தேறமாட்டார் என்று தெருவில் சொல்லிவைத்தவள் நான்தான். நடையின் பலத்தை அளக்கும் உணரிகள் பொதிந்த நீள விரிப்பு தரையில் கிடக்கிறது, காலை வெயில் அதன்மேல். கிழவர் காலணியைக் கழற்றிவிட்டு விரிப்பின் ஓரமாகவே நடக்கிறார். திரையில் பூச்சியம். இன்னொரு முறையும் ஓரமாக, இன்னொரு பூச்சியம். "மேல ஏறி நடங்க தாத்தா. முடியலன்னா சொல்லிடுங்க" என்கிறாள் தாதி ஜிபார். அவள் பேனா 'தவறினார்' என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது. மனைவி உருல்சா முக்காட்டு நுனியைத் திருகுகிறாள். "காலுக்கு ஒண்ணுமில்ல தாயி. ரொட்டி வெச்ச விரிப்ப எவனாச்சும் மிதிப்பானா?" என்கிறார் கிழவர். விரிப்பின் கோடியில் ஜிபார் பாதி தின்று வைத்த ரொட்டி. அவள் முகம் சிவக்க அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள். "வாயத் தொறந்து அத முன்னாடியே சொல்றதுக்கென்ன, கெழவா?" என்று சீறுகிறாள் உருல்சா. "படிச்ச புள்ள, நாலு பேர் முன்னால எப்படிச் சொல்றது?" என்கிறார் அவர். இப்போது விரிப்பின் நடுவில் நடக்கிறார், அடிக்கு ஒரு பச்சைப் புள்ளி திரையில் பூக்கிறது. கோடியை எட்டியதும் 'தேறினார்' என்று எழுத்து எரிகிறது. உருல்சாவின் விரல்களிலிருந்து முக்காடு நழுவுகிறது. கிழவரோ, யாரும் கேட்காமலே திரும்பி இன்னொரு தரம் நடக்கிறார், என்னையே பார்த்துக்கொண்டு.